விதியும் முறையீடும்

தமிழில் ‘விதி’ என்னும் சொல் ஒருங்கே இரு பொருள் உணர்த்துகிறது: அரசும் அமைப்புகளும் வகுத்து வைக்கும் ஒழுங்கு ஒன்று, மனித முயற்சியால் மாற்றவொண்ணாத ஊழ் மற்றொன்று. சொல் ஒன்றாயிருப்பதால் பொருளும் ஒன்றென மயங்குவதற்கு இடமுண்டு. ஒரு பொருளை ஆராய்ந்து அது தரமற்றது என்றோ, சான்றுக்குத் தகுதியற்றது என்றோ ஓர் அமைப்பு எழுதியனுப்பும் தாளை, அதைப் பெறும் செக்கெண்ணெய்க்காரரும் தேன் வணிகரும் எலுமிச்சை விவசாயியும் ஊழின் ஓலையாகவே கருதி, மறுசொல் இன்றி மடித்து வைத்துவிடுவது அரிதன்று. ஊழ் தவறுவதில்லை என்பது வினைக்கொள்கையை ஏற்ற சமயங்களின் துணிபு. மனிதர் வகுத்த விதியும், அதைக் கொண்டு மனிதர் வழங்கும் முடிவும் தவறக்கூடியவை. தவறக்கூடிய அறிவு தன் முடிவை எந்த உரிமையால் இறுதியானது என்று அறிவிக்கிறது என்னும் வினா, சட்ட நூல்களுக்கு மட்டும் உரியதாகத் தோன்றினும், அடிப்படையில் அளவையியலுக்கும் சமயத்துக்கும் உரிய வினாவாகும்.

சான்றளிப்பு அமைப்பு என்பது, ஒரு பொருளோ அதன் உற்பத்தி முறையோ முன்னரே வகுக்கப்பட்ட தரத்துக்கு இயைந்துள்ளதா என்று ஆராய்ந்து, இயைந்திருப்பின் எழுத்தாலோ முத்திரையாலோ அதற்கு உறுதி கூறும் நிறுவனம். இந்திய தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ்.ஐ. முத்திரை, பொன் நகைக்கான ஹால்மார்க், வேளாண் விளைபொருளுக்கான அக்மார்க், இயற்கை வேளாண்மைக்கான அங்ககச் சான்று ஆகியவை இவ்வகையின. இத்தகைய அமைப்புகளின் கலைச்சொற்களுக்குப் பொருள் வரையறுக்கும் ஐ.எஸ்.ஓ. 17000 என்னும் பன்னாட்டுத் தரம், மேல்முறையீடு என்பதை, ஒரு பொருளை ஆய்வுக்கு வழங்கியவர் அப்பொருள்மீது எடுக்கப்பட்ட முடிவை மீள ஆராயும்படி அந்த அமைப்பிடமே விடுக்கும் கோரிக்கை என்று கொள்கிறது. பொருளை வாங்கியவர் முதலிய பிறருடைய மனக்குறை ‘புகார்’ என்று வேறாகப் பிரிக்கப்படுகிறது. இவ்வரையறையோடு தமிழ்ச் சொல்லையும் வைத்து நோக்குதல் தகும். ‘முறை’ என்பது நீதியையும் ஒழுங்கையும் குறிப்பது. ‘முறையிடுதல்’ என்பது அந்நீதியை எடுத்து முன்வைத்தல். இரப்பவர் தமக்குத் தகுதியில்லாததை ஒப்புக்கொண்டு இரக்கத்தை வேண்டுகிறார். முறையிடுபவரோ தமக்குத் தகுதி உண்டெனச் சொல்லி ஆராய்ச்சியை வேண்டுகிறார். அலுவலகங்களுக்குச் செல்லும் விண்ணப்பங்கள் பல, முறையீடாக எழுதப்பட வேண்டியிருக்க, இரத்தலின் மொழியிலேயே அமைவது வருந்தத்தக்கது; அவை முடிவின் பிழையைச் சுட்டாமல் முடிவு செய்தவரின் மனத்தை இளக்கவே முயல்கின்றன.

குற்றாலத்தில் சாரல் விழும் ஆனி முதல் ஆவணி வரையிலான காலத்தில், பேரருவிக்கும் ஐந்தருவிக்கும் செல்லும் வழிநெடுக நேந்திரங்காய் சிப்ஸும் அல்வாவும் தேனும் விற்கும் கடைகள் நிறைகின்றன. அங்கு உணவுப் பாதுகாப்பு அலுவலர் ஒரு கடையில் மாதிரி எடுக்கும் செயலில் ஒரு தத்துவம் பொதிந்துள்ளது. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டத்தின் 47ஆம் பிரிவின்படி, எடுக்கப்பட்ட மாதிரி நான்கு பகுதிகளாகப் பிரித்து முத்திரையிடப்படுகிறது. ஒரு பகுதி உணவுப் பகுப்பாய்வாளருக்குச் செல்கிறது. இரு பகுதிகள் நியமன அலுவலரிடம் காப்பில் வைக்கப்படுகின்றன. எஞ்சிய ஒன்று, கடைக்காரர் கேட்டுக்கொண்டால், அங்கீகாரம் பெற்ற வேறோர் ஆய்வகத்துக்கு அனுப்பப்படுகிறது. பகுப்பாய்வாளர் 14 நாள்களுக்குள் அறிக்கை தர வேண்டும். இரு ஆய்வகங்களின் அறிக்கைகளும் மாறுபட்டால், காப்பிலுள்ள பகுதிகளில் ஒன்று, மைசூருவிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் போன்ற, மறுஆய்வுக்கென அறிவிக்கப்பட்ட ஆய்வகம் ஒன்றுக்குச் செல்லும். அதன் முடிவே இறுதியானது. பகுப்பாய்வாளரின் அறிக்கையை எதிர்த்து நியமன அலுவலரிடம் மேல்முறையீடு செய்யும் உரிமையை அதே சட்டத்தின் 46ஆம் பிரிவு வழங்குகிறது.

இது சான்று வழங்கும் செயலன்று, குற்றம் காணும் செயல் என்று ஒருவர் வேறுபடுத்தலாம். ஆயினும் ‘இது தரமுடையது’ என்பதும் ‘இது தரமற்றது’ என்பதும் ஒரே ஆராய்ச்சியின் இரு முடிவுகளாதலின், இங்குக் காணப்படும் தத்துவம் இரண்டுக்கும் பொது. ஆய்வு என்பது பெரும்பாலும் ஆயப்படும் பொருளை அழிக்கிறது: எண்ணெய் வேதிப்பொருளோடு கலக்கப்படுகிறது, தானியம் எரித்துச் சாம்பலாக்கப்படுகிறது, நகையில் சுரண்டிய பொன் நெருப்பிலிட்டுப் பிரிக்கப்படுகிறது. முழு மாதிரியையும் ஒரே ஆய்வுக்கு ஒப்படைத்துவிட்டால், அந்த ஆய்வு பிழையானது என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சி அந்த ஆய்வினாலேயே மடிந்துபோகிறது. மாதிரியின் இரு பகுதிகளைக் காப்பில் வைக்கும் சட்டம், தன் பகுப்பாய்வாளர் தவறக்கூடும் என்பதை, அவர் ஆய்வைத் தொடங்கும் முன்னரே ஒப்புக்கொள்கிறது. அறிவின் எல்லையைப் பற்றிப் பல நூல்கள் விரித்துரைப்பதை, அரக்கு முத்திரையிட்ட இரு சிறு புட்டிகள் செயலில் காட்டுகின்றன.

காப்பில் எஞ்சிய பகுதியின் வலிமையைத் தமிழ் மரபு சிலப்பதிகாரத்தின் வழியாக நன்கறியும். மதுரையில் கோவலன் விற்க முயன்ற காற்சிலம்பைப் பற்றி அரசனிடம் சொன்னவன் பொற்கொல்லன். அணிகலனை மதிப்பிடும் கலையில் வல்லவனாதலால் அவன் சொல் வல்லுநர் சான்றாக ஏற்கப்பட்டது. அரசியின் சிலம்பைத் திருடியவன் அவனே என்பதால், அந்த வல்லுநருக்கு முடிவில் தன்னலம் இருந்தது. இழந்தது அரசியின் சிலம்பாதலால் தீர்ப்பளித்தவனுக்கும் வழக்கில் தொடர்பு இருந்தது. பொருளைத் திறந்து பார்க்கும் ஆய்வோ நடைபெறவே இல்லை. இணையாக நின்ற மற்றொரு சிலம்போடு வந்த கண்ணகி இரக்கத்தை வேண்டவில்லை. தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று கூறி, அரசன் தன் தேவியின் சிலம்பின் பரல் முத்து என்று சொன்ன பின்னர், கைப்பற்றப்பட்ட சிலம்பை உடைத்துக் காட்டினாள். உரையால் பெற்ற முடிவைக் காட்சியால் மாற்றிய அச்செயல், உண்மையான மேல்முறையீட்டின் எல்லா உறுப்புகளையும் கொண்டது. அது காலம் கடந்து நிகழ்ந்தது என்பதே அதன் துயரம்; தண்டனைக்கு முன் கேட்கப்பட வேண்டிய கேள்வி, தண்டனைக்குப் பின் கேட்கப்பட்டது.

உரை, காட்சி என்று இங்கே சுட்டப்பட்டவை அளவையியலின் சொற்கள். அளவை என்பது மெய்யறிவைப் பெறும் வழி. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார், இறை, உயிர், தளை ஆகிய முப்பொருளைப் பற்றிய கொள்கையை நிறுவுமுன் அளவையைப் பற்றிய பகுதியை அமைத்து, பலவகை அளவைகளையும் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றில் அடக்குகிறது. எதை அறிந்தோம் என்று சொல்வதற்கு முன், எவ்வாறு அறிந்தோம் என்று சொல்ல வேண்டும் என்பது அந்நூலின் ஒழுங்கு. சைவ சித்தாந்தம் இதற்கு மேலும் ஒரு படி செல்கிறது: எல்லாவற்றையும் ஒருங்கே, மயக்கமின்றி அறியும் முற்றுணர்வு இறைவனுக்கே உரியது, உயிரின் அறிவு சிற்றறிவு, கருவியும் காலமும் இடமும் துணைநிற்க ஒவ்வொன்றாக அறிவது அதன் இயல்பு. இதனைச் சான்றளிப்புக்குப் பொருத்திப் பார்த்தால் பெறப்படுவது தெளிவு. மறு ஆய்வுக்கு இடமில்லை என்று ஓர் அமைப்பு சொல்லுமாயின், அது தன் அதிகாரத்தைப் பற்றி மட்டும் பேசவில்லை. இறைவனுக்கே உரிய ஓர் இலக்கணத்தைத் தனக்கு உரியதாக்கிக் கொள்கிறது.

சித்தாந்தம் கூறும் ஆணவ மலத்தின் இயல்பு இங்கு நேரடியாகப் பயன்படுகிறது. ஆணவம் என்பது வழக்கில் செருக்கைக் குறித்தாலும், சாத்திரத்தில் அது உயிரின் அறிவை மறைத்து நிற்கும் தொன்மையான தடை. உமாபதி சிவாசாரியார் 14ஆம் நூற்றாண்டில் இயற்றிய திருவருட்பயன் அதனைப் புற இருளோடு ஒப்பிட்டு வேறுபடுத்துகிறது: புற இருள் பிற பொருள்களை மறைத்தாலும் தான் இருள் என்பதைக் காட்டிவிடுகிறது, ஆணவமோ பிறவற்றையும் மறைத்துத் தன்னையும் மறைத்துக்கொள்கிறது. தவறு செய்தவருக்குத் தம் தவறு தெரியாமல் இருப்பது நேர்மைக் குறைவால் மட்டும் நிகழ்வதன்று என்பதை இதைவிட நுட்பமாக விளக்கும் கருத்து அரிது. முதல் ஆய்வைச் செய்த ஒருவர் எவ்வளவு நேர்மையாளராயினும், அதே கோப்பை அவரே மீண்டும் திறக்கும்போது தம் பழைய முடிவைக் காரணமாகவே காண்பார், முடிவாகக் காணமாட்டார். பொருள் சான்றளிப்பு அமைப்புகளுக்கான ஐ.எஸ்.ஓ. 17065 என்னும் தரம், மேல்முறையீட்டின் மீதான முடிவை அந்தச் சான்றளிப்புப் பணியில் ஈடுபடாத ஒருவரே எடுக்க வேண்டும் அல்லது ஆராய்ந்து ஒப்ப வேண்டும் என்று விதிப்பதும், அந்த உற்பத்தியாளரிடம் பணிபுரிந்தவரோ அவருக்கு ஆலோசனை கூறியவரோ இரண்டு ஆண்டுகளுக்கு அம்முறையீட்டில் கை வைக்கலாகாது என்று விலக்குவதும் இக்காரணம் பற்றியே பொருத்தமுடையன. 2016ஆம் ஆண்டின் இந்திய தர நிர்ணய அமைவனச் சட்டமும் முதலில் தலைமை இயக்குநரிடமும், அதன்பின் மத்திய அரசிடமும் முறையிட வழி வைத்திருக்கிறது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் மாதிரி எடுத்த அலுவலரின் துறைக்கே உரிய நியமன அலுவலர்தான் முறையீட்டைக் கேட்கிறார் என்பதும், அதனை மறுஆய்வகத்துக்கு அனுப்புவது அவர் கருத்தைப் பொறுத்தது என்பதும், மாதிரியை நான்காகப் பிரிப்பதில் காட்டிய தெளிவை அச்சட்டம் இங்கே காட்டவில்லை என்பதையே உணர்த்துகின்றன.

பொருளைப் பற்றிய முடிவைவிட, உற்பத்தி முறையைப் பற்றிய முடிவு மேலும் நுண்ணிய சிக்கல் உடையது. தென்காசி மாவட்டத்தின் புளியங்குடி எலுமிச்சைக்கும் இயற்கை வேளாண்மைக்கும் பெயர்பெற்ற ஊர். தேசிய அங்கக உற்பத்தித் திட்டம் 2001இல் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டில் கோயம்புத்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட துறை 2007 முதல் அங்ககச் சான்று வழங்குகிறது. எலுமிச்சை போன்ற பல்லாண்டுப் பயிருக்கு மூன்றாண்டு மாறுகாலம் உண்டு. அதாவது செயற்கை உரமும் பூச்சிமருந்தும் நிறுத்திய பின் மூன்று ஆண்டுகள் காத்திருந்தே சான்று பெற இயலும். அத்தகைய தோட்டம் ஒன்றின் பழத்தில் பூச்சிமருந்தின் எச்சம் இருப்பதாக ஆய்வகம் கண்டால், எச்சம் இருப்பது காட்சி; ‘ஆகவே விவசாயி மருந்து தெளித்தார்’ என்பது கருதல். காட்சி பிழையற்றதாயினும் கருதல் பிழைபடலாம். பக்கத்து வயலில் தெளித்தது காற்றில் வந்திருக்கலாம், வாய்க்கால் நீரோடு வந்திருக்கலாம், பழைய சாக்கில் ஒட்டியிருந்திருக்கலாம். மணிமேகலையில் அறவண அடிகள் விளக்கும் பௌத்த அளவையியல், காரணம்போல் தோன்றி முடிவைத் தாங்க வலியற்ற ஏதுவை ‘ஏதுப்போலி’ என்று கூறி, அசித்தம், அநைகாந்திகம், விருத்தம் என மூன்றாகப் பிரிக்கிறது. இவற்றுள் அநைகாந்திகம் என்பது, நிறுவக் கருதிய பொருள் உள்ள இடத்திலும் அது இல்லாத இடத்திலும் ஒப்பக் காணப்படும் ஏது. தெளித்தவன் பழத்திலும் தெளிக்காதவன் பழத்திலும் எச்சம் இருக்கக் கூடுமாதலின், எச்சம் மட்டுமே தெளித்ததற்கு ஏதுவாகாது.

இதன் பயன் நடைமுறையில் பெரிது. முறையிடும் விவசாயி ஆய்வகத்தைப் பழிக்கவேண்டியதில்லை. காட்சியை ஏற்றுக்கொண்டே கருதலை மறுக்கலாம். வயலைச் சுற்றி விட்ட இடைவெளி, நீர் வரும் திசை, இடுபொருள் வாங்கிய பதிவேடு, அண்டை வயலார் மருந்து தெளித்த நாள் ஆகியவற்றை முன்வைத்தால், வாதம் ‘எண் தவறு’ என்பதிலிருந்து ‘எண்ணிலிருந்து பெற்ற முடிவு தவறு’ என்பதற்கு மாறுகிறது. சான்று கிடைக்குமா என்பது வேறு வினா. எச்சம் உள்ள பழத்தை அங்ககப் பழமென விற்பது வாங்குபவருக்கு நேர்மையாகாது. ஆனால் ஒரு பழத்தொகுதியை விலக்குவதற்கும், ஒரு மனிதரை ஏமாற்றுக்காரர் என்று ஏட்டில் எழுதுவதற்கும் இடையே உள்ள தொலைவை அளவையியல் அறிந்தவர் கடந்து செல்லமாட்டார். அண்டை விவசாயிகளே ஐவரும் அதற்கு மேற்பட்டோரும் குழுவாகக் கூடி ஒருவர் நிலத்தை மற்றவர் ஆராய்ந்து உறுதி கூறும் பங்கேற்பு உத்தரவாத முறையிலும் இதே எச்சரிக்கை தேவை. அங்கே நிலத்தைப் பற்றிய அறிவு நெருக்கமானது, ஆயின் உறவும் பகையும் அதே அளவு நெருக்கமானவை.

இவ்வாறு ஒவ்வொரு முடிவும் மறு ஆய்வுக்கு உரியதென்றால், மறு ஆய்வின் முடிவுக்கும் ஒரு மறு ஆய்வு வேண்டுமே, அதற்கும் ஒன்று வேண்டுமே என்னும் தடை எழும். எங்கும் நிலைகொள்ளாமல் செல்லும் இக்குற்றத்தைத் தருக்க நூலார் ‘அநவத்தை’ என்பர். தடை வலியது; எண்ணெய் கெடுமுன், பழம் அழுகுமுன், வணிகம் நொடிக்குமுன் எங்கேனும் நிறுத்தியாக வேண்டும். ஆனால் நிறுத்துவது வாழ்க்கையின் தேவையால் நிகழ்வதே அன்றி, அறிவு நிறைந்துவிட்டதால் நிகழ்வதன்று. மறுஆய்வகத்தின் முடிவு இறுதியானது என்று சட்டம் சொல்லும்போது, அந்த ஆய்வகம் தவறாது என்று சொல்லவில்லை. இனித் தேடுவதில்லை என்று மட்டுமே சொல்கிறது. இவ்விரண்டையும் ஒன்றாகக் கொள்வதே விதியை ஊழாக்கும் மயக்கம்.

சமயப் பற்றுடையோர் சிலர், தீர்ப்பை எதிர்த்து முறையிடுவது அடக்கத்துக்கு மாறானது என்று கருதக்கூடும். அவர்கள் எண்ணிப் பார்க்கத்தக்கது, சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் பாடிய பெரிய புராணத்தில் வரும் திருவெண்ணெய்நல்லூர் வழக்கு. முதிய அந்தணராக வந்த சிவபெருமான் சுந்தரரைத் தம் அடிமை என்று உரிமை கொண்டாடுகிறார். அதற்குச் சான்றாக அவர் காட்டிய ஓலையைச் சுந்தரர் பறித்துக் கிழித்துவிடுகிறார். அவையோர் முதியவரிடம் வழக்காற்று உரிமை, எழுத்து ஆவணம், பிறர் சாட்சி ஆகிய மூன்றில் ஒன்றைக் காட்டுமாறு கேட்க, கிழிந்தது படியோலை என்றும் மூலவோலை தம்மிடம் உள்ளது என்றும் அவர் சொல்கிறார். அவ்வோலையும் உடனே ஏற்கப்படவில்லை. காப்பில் இருந்த, சுந்தரரின் பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையை வரவழைத்து, எழுத்தை ஒப்பு நோக்கிய பின்னரே அவை முடிவு சொல்கிறது. முற்றுணர்வுடைய இறைவன், தன் சொல்லே போதும் என்று சொல்லாமல், சிற்றறிவுடைய மனிதர் அவையின் ஒப்பாய்வுக்குத் தன் ஆவணத்தை ஒப்படைத்தான் என்பதே அக்கதையின் பேரழகு. அதே திருவெண்ணெய்நல்லூரில்தான், பிற்காலத்தில், வயதில் மூத்த அருணந்தியார் இளையவரான மெய்கண்டாரிடம் ஆணவத்தின் வடிவம் யாது என்று வினவியபோது, மெய்கண்டார் விரலால் அவரையே சுட்டினார் என்றும், அருணந்தியார் அக்கணமே அவருக்கு மாணவரானார் என்றும் மரபு கூறுகிறது. பிழையைச் சுட்டும் விரல் தன்னிலும் இளையவருடையதாயினும் ஏற்றுக்கொண்ட அந்த மனநிலையே அடக்கம்.

தென்காசிக்கு இப்பொருளில் தனக்கே உரிய ஒரு சான்று உண்டு. 15ஆம் நூற்றாண்டில் காசி விசுவநாதர் கோயிலை எழுப்பிய அரிகேசரி பராக்கிரம பாண்டியனின் கல்வெட்டுப் பாடல் ஒன்று, இக்கோயிலில் வரக்கூடாத குற்றம் எப்போதேனும் வருமாயின், அதனை நீக்கிக் காப்பவர் யாராயினும் உலகறிய அவரைப் பணிவதாக அவ்வரசன் உரைத்ததைப் பதிந்து வைத்திருக்கிறது. மன்னர்கள் தம் பணியைத் தாமே புகழ்ந்தும், அதற்குக் கேடு செய்வோரைச் சபித்தும் கல்லில் எழுதிய காலத்தில், தன் பணியில் குற்றம் வரக்கூடும் என்று முன்னரே ஒப்புக்கொண்டு, இன்னும் பிறவாத திருத்துவோரின் முன் தலை தாழ்த்திய அரசன் இவன். பிற்காலத்தில் சிதைந்து நெடுங்காலம் நிறைவற்று நின்ற அக்கோயிலின் இராசகோபுரம் 1990இல் ஒன்பது நிலைகளோடு மீண்டும் எழுந்தது. முத்திரை குத்தும் ஒவ்வோர் அமைப்பும் தன் வாயிலில் எழுதி வைக்கத்தக்க கொள்கை அக்கல்லில் இருக்கிறது.

ஆயினும் வாயில் இருப்பது மட்டும் போதாது. அது கண்ணுக்குத் தெரிய வேண்டும். மறுப்புத் தாள் ஆங்கிலத்தில் மட்டும் அமைந்து, எந்த அளவையால் எந்தக் குற்றம் காணப்பட்டது என்பதை எண்களோடு நிறுத்தி, யாரிடம் எத்தனை நாளுக்குள் முறையிடலாம் என்பதைச் சட்டப்பிரிவின் இலக்கத்துக்குள் மறைத்து வைத்தால், அந்த உரிமை ஏட்டில் இருந்தும் இல்லாததாகிறது. காட்சி இது, கருதல் இது, முறையிடும் இடம் இது, நாள் இது என்று தமிழில் நான்கு வரி எழுதித் தருவது எந்த அமைப்புக்கும் பெருஞ்சுமையன்று; அதனைக் கோருவதும் முறையீட்டின் பகுதியே. அதுவரை, இத்தகைய தாளைப் பெறுவோர் அதனை மடித்து வைக்குமுன் அது கைக்கு வந்த தேதியைக் குறித்துக்கொள்ள வேண்டும்: உணவுப் பகுப்பாய்வாளரின் அறிக்கையை எதிர்த்து முறையிட, அறிக்கை கிடைத்த நாளிலிருந்து 30 நாள்களே உள்ளன.